சிப்பாய்க்குக் கிடைத்த குரல்

"அப்பா, ராணிக்கு இன்னைக்கு ஜலதோஷமா? குரல் கரகரங்குது."

"ராஜாவுக்கும்தாம்மா. ரெண்டு பேருக்கும் தொண்டை ஒண்ணுதானே."

திரைக்குப் பின்னால் நானும் என் மகளும் இப்படித்தான் பேசிக்கொள்வோம். பொம்மலாட்டம் எங்கள் தொழில். நூல் பிடிப்பது அவள். குரல் கொடுப்பது நான். ராஜா, ராணி, கிழவி, கழுதை எல்லாருக்கும் நானே பேசுவேன். கழுதைக்குத்தான் கைதட்டல் அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை.

அவள் விரல் அசைந்தால் ராணி மூச்சு விடுவாள். அந்தக் கையைத்தான் எங்கள் அரங்கில் விளக்குப் போடும் பையன் கேட்டு வந்தான். நல்லவன். 'அது வந்து' என்று தொடங்காமல் அவனுக்கு ஒரு பேச்சு வராது. வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் முடிந்ததும் அவளை அழைத்துப் போவானாம். "அது வந்து... நீங்களும் எங்ககூடவே வந்துடுங்க மாமா," என்றான். மரியாதை தெரிந்த பிள்ளை.

நான் மறுக்கவில்லை. வீட்டில் சண்டை எனக்குப் பிடிக்காது. வேலையில் சேர அவன் முன்னால் போனான். அவன் தங்கிய இடத்தில் போன் கிடையாது. அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு. எனக்கு அது வசதியாக இருந்தது.

அரங்கத்து அலுவலகத்திலிருந்து, வீட்டிலிருந்த மகளுக்குப் போன் செய்தேன். "அது வந்து... எங்க வீட்ல வேற இடம் பார்த்துட்டாங்க. என்னை மறந்துடு," என்றேன், அவன் குரலில். குளிக்கும்போதெல்லாம் பழகியிருந்தேன்.

மறுநாள் அவன் கூப்பிட்டபோது ரிசீவரை நான் எடுத்தேன். "எனக்கு இஷ்டமில்லை. இனிமே கூப்பிடாதீங்க," என்றேன், மகளின் குரலில். பேச்சின் நடுவே அவள் எச்சில் விழுங்குவாள். அதையும் நான் விடவில்லை. அவன் அழுதான். பாவம், இளகிய மனசு.

அவ்வளவு அருமையான குரலை வீணாக்கலாமா? புதிதாகச் செய்த சிப்பாய்க்குக் கொடுத்தேன். சிப்பாய் 'அது வந்து' என்றதும் சபை குலுங்கியது. ஆனால் அவன் கையிலிருந்த வாள் மட்டும் நடுங்கி நின்றுவிட்டது. மகளுக்குக் கை வலியாம். தைலம் தேய்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஏறுமுகம்தான். அவளுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. அவள் சந்தோஷமாக இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராணி மேடையில் தினமும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சத்தம் என்னுடையது என்றாலும், விழுவது அவள் கையால்தானே.

நேற்று மதிய ஆட்டம் முடிந்து நூல்களைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, ரொம்ப வருஷமா உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன்."

"கேளும்மா. புதுத் திரைதானே? வாங்கிடலாம்."

"திரை கிடக்கட்டும்பா." சிப்பாயைப் பெட்டியில் படுக்கவைத்து, அவன் சட்டையை நீவிவிட்டாள். "அன்னைக்குப் போன்ல என்கிட்ட பேசினீங்களே, அந்தக் குரல். அதுல ஒரே ஒரு தடவை, 'அது வந்து... கிளம்பு, போகலாம்'னு சொல்லுங்களேன்."