கையில் பட்ட பந்து

ஹொல்ம்லியா என்ற புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த இருவருக்கும் அறுபது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் எதிரெதிர்க் கல்லூரிகளுக்கு உதைபந்தாட்டம் ஆடியவர்கள் என்பது அவர்களுடைய பேச்சிலேயே தெரிந்தது. ஒருவர் அந்தக் கல்லூரிகளுக்கிடையிலான ஒரு போட்டியில் கடைசி நிமிடத்தில் கோல் அடித்து வென்று கொடுத்தவர். மற்றவர், தாடிக்காரர், எதிரணியின் கோல்கீப்பர்.

கோல் அடித்தவர் திடீரென்று சொன்னார்: “சிறந்த வீரர் கிண்ணத்தை எனக்குத் தந்தது பிழையடா. உனக்குத்தான் தந்திருக்கோணும்.”

“இவ்வளவு காலத்துக்குப் பிறகோ?”

“எங்கடை பெடியளே அண்டைக்கு அதைத்தான் சொன்னவங்கள். நீ எத்தினை பந்தைப் பிடிச்சனி! அந்தக் கடைசிப் பந்து என்ரை கையிலை பட்டுத்தான் உள்ளுக்குப் போனது.”

“தெரியும். நான் பக்கத்திலைதானே நிண்டனான்.”

“தெரியுமோ? பிறகேன் நடுவரிட்டைச் சொல்லேல்லை?”

“சொல்லத்தான் ஓடினனான். அதுக்குள்ளை கொப்பர் சைக்கிளைக் கீழை போட்டிட்டு ஓடிவந்து உன்னைத் தூக்கினார். அந்த மனுசன் சிரிச்சு அண்டைக்குத்தான் கண்டனான்.”

கோல் அடித்தவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அம்மா செத்தாப்பிறகு அப்பா சிரிச்சது அண்டைக்குத்தான். சாகுமட்டும் வீட்டுக்கு வாற எல்லாருக்கும் அந்தக் கோலைப் பற்றித்தான் சொல்லுவார்.”

தாடிக்காரர் அவருடைய முழங்காலில் கைவைத்தார்.

“அப்ப அது கோல்தானடா.”