டாக்டர் கிரௌல் அடித்த மணி

கதவைச் சாத்துங்கள். நெருப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். நம் ஊர்க் கல்லறையில் குழி வெட்டுகிற ஜேபஸின் அக்காள் டார்கஸுக்கு நடந்தது இது. ஜேபஸைக் கேட்டால் வாய் திறக்க மாட்டான். இரண்டு கோப்பை ஊற்றினால் திறப்பான்.

டிசம்பர். மாலை நாலு மணி. சதுப்புக்கு நடுவே கோவிலுக்குப் போகிற கரைப்பாதை... ஒரு ஈ காக்காய் இல்லை. மழையும் பனியும் கலந்து சாய்வாக அடிக்கிறது. டார்கஸ் ஓடுகிறாள். தலையில் முக்காடுகூட இல்லை. குளிர் தெரியவில்லை, அத்தனை கோபம்.

ஏன் இருக்காது? அவள் புருஷன் பார்னபி இங்கே துணைப் பாதிரியார். இருபத்திரண்டு வருஷம் நம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் நம் கிழவர்களை அடக்கம் செய்ததும் அவர்தான். சம்பளம் வாங்குகிற பெரிய பாதிரியாரோ பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் முட்டியை ஊறவைத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. பார்னபி பதினேழு பேரைப் புதைத்தார். பதினெட்டாவது அவரே. அடுத்த வாரம் பாத்தில் இருந்தவரும் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் டாக்டர் கிரௌல். ஏற்கெனவே மூன்று ஊர்க் கோவில்கள் அவர் கையில். வயிறு நிறையவில்லை போலும்.

அன்று அவர் பதவியேற்பு. முறைதான் உங்களுக்குத் தெரியுமே. பக்கத்து ஊர்ப் பாதிரியார் கையைப் பிடித்து உள்ளே விட, புதியவர் தனியாகத் தாழிட்டுக்கொண்டு மணி அடிப்பார். எத்தனை அடியோ அத்தனை வருஷம் இருப்பாராம். மணி கேட்டதும் கோவிலும், டார்கஸ் குடியிருந்த பாதிரியார் வீடும் அவருடையவை. அதுவரை பொறுக்க முடியவில்லை இந்த மனிதருக்கு. மத்தியானமே ஆள் அனுப்பி, டார்கஸின் கட்டில், மாவுத் தொட்டி, இரண்டு பெண்குழந்தைகள், எல்லாவற்றையும் மழையில் இறக்கிவிட்டார்.

கோவில் வாசலில் டார்கஸ் அவரை மறித்தாள். "மணி இன்னும் அடிக்கலையே, ஐயா. அதுக்குள்ள எந்த முறையில என் பிள்ளைங்கள வெளிய தள்ளினீங்க?"

கிரௌல் கையுறையைக் கழற்றினார். "நாப்பது அடிக்கப் போறேம்மா. உனக்குத்தான் வேற வேலை இல்லையே, நின்னு எண்ணு."

பதவியேற்பு பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யார் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குத் தெரியும்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள்... டக்.

கயிறு இழுபடும் சத்தம். மேலே மரச்சக்கரம்... கிறீச்... கிறீச். உள்ளே கிரௌலுக்கு மூச்சு வாங்குகிறது. மணிச் சத்தம் மட்டும் இல்லை.

ஜேபஸ் அண்ணாந்து பார்த்தான். கோபுரத்துச் சட்டங்களுக்குப் பின்னால் மணி ஆடுகிறது. நன்றாகவே ஆடுகிறது. சத்தமில்லை.

டார்கஸ் எண்ணினாள். சக்கரத்தின் ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஒன்று, உரக்க, அவர் முகத்தில் அறைகிற மாதிரி. முப்பதைத் தாண்டியபோது உள்ளே ஓர் இருமல். வறண்ட இருமல்... இரண்டிரண்டாக. அவள் நிறுத்தினாள். அந்த இருமலுக்குப் பக்கத்தில் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பாள்! கதவிடுக்கிலிருந்து காடி நெடி வந்தது. காய்ச்சல் வீட்டுத் தரையில் தெளிப்பார்களே, அந்தக் காடி.

கதவு திறந்தது. கிரௌலின் உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தமாக இருந்தன.

"கயித்த விடவே விடல," என்றார் டார்கஸிடம். "என் கைமேல கை வச்சு... யாரும்மா அது?"

பக்கத்து ஊர்ப் பாதிரியார் ரஸ்பி, தன் நிழலுக்கே வழிவிடுகிற மனிதர், அன்றைக்கு மட்டும் பதவியேற்பைப் பதிவேட்டில் எழுத எடுத்த பேனாவை மையில் தோய்க்காமலே வைத்துவிட்டார். மணி தன் காதில் விழவில்லை, விழுந்ததாக எழுத முடியாது என்றார். கிரௌல் வாதாடவில்லை. தொப்பியைக்கூட எடுக்காமல் குதிரை ஏறினார்.

டார்கஸ் தம்பியை மேலே அனுப்பினாள். விளக்கோடு ஏறினான். மணியின் நாக்கில் கனமாகத் துணி சுற்றியிருந்தது. கம்பளித் துணி. சட்டப்படி பிணத்துக்குச் சுற்றுகிற கம்பளி. ஓரத்தில் ஒரு சாண் மட்டும் நீலத் தையல். வெள்ளை நூல் தீர்ந்துபோய் டார்கஸ் அப்படி முடித்திருந்தாள். பார்னபியின் குழியை மூடியவன் ஜேபஸே.

"அக்கா... மாமாவுக்குச் சுத்தின துணி, மணி நாக்குல... அவுக்கவா?"

"தொடாதடா," என்று கீழிருந்து கத்தினாள். "இருபத்திரண்டு வருஷம் வாய் திறக்காத மனுஷன், இப்பத்தான் பேசியிருக்காரு. என் பொண்ணுங்க இன்னிக்கு அவங்க வீட்டுலதான் படுக்கும்."

போய், கட்டிலை ஒற்றை ஆளாக உள்ளே இழுத்துப் போட்டாள்.

ஆனால் ஜேபஸ் அதற்குள் தொட்டுவிட்டான். கோபுரத்தில் கம்பியெல்லாம் பனி உறைந்து கிடந்தது. அந்தத் துணி மட்டும்... இப்போதுதான் உடம்பிலிருந்து எடுத்த மாதிரி, கதகதப்பாக இருந்ததாம்.