ஒன்பது நிமிடம்

இந்த அறை நாற்காலிகள் சௌகரியமாக இருக்கின்றன. எங்கள் துறைக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கால் ஆடும் நாற்காலிகள்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. விசாரணைக் குழுவில் உங்கள் மூவருக்கும் முதுகு வலிக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் சிமுலேஷன் கற்பிக்கிறவன். நிஜத்தில் செய்து பார்த்தால் கையைச் சுட்டுக்கொள்ளும் காரியங்களை முதலில் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதுதான் எங்கள் படிப்பு. அதற்காகக் கட்டுவதை மாடல் என்போம். மாடல் சொன்னதும் நிஜத்தில் நடந்ததும் ஒத்துப்போக வேண்டும். முதல் வகுப்பிலேயே இதைத்தான் சொல்வேன். பதினேழு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

போன வருடம் கணிதத்துறைத் தலைவர் நம் கல்லூரி முதல்வரின் காதில் ஒன்றைப் போட்டுவைத்தார். "இது தனிப் பாடமே இல்லைங்க. எங்க கணக்கை எடுத்து, மேல கொஞ்சம் படம் காட்டுறாங்க." எங்களை அவருடைய துறையோடு சேர்த்துவிடலாமா என்று முடிவு செய்ய, வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக ஏற்பாடு. சேர்த்தால் என் பாடம் அவருடைய பாடத்திட்டத்தில் கடைசி அத்தியாயம். அதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களிடம் காட்டுவதற்கு ஒரே ஒரு மாடல் இருந்தது. தீப்பிடித்தால் நம் கட்டடத்தின் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வெளியேற எவ்வளவு நேரமாகும்? மாணவர்களோடு மூன்று வருடம் உட்கார்ந்து கட்டினோம். ஒன்பது நிமிடம் என்று வந்தது. இரண்டு பேர் படியில் விழுவார்கள் என்றும் வந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை பார்த்தோம். மணி அடித்தது. நான்கே நிமிடத்தில் கட்டடம் காலி. ஒருவர்கூட விழவில்லை. வகுப்பை விட்டுப் போகச் சொன்னால் பிள்ளைகளுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடும் என்பதை மாடலில் சேர்க்காமல் விட்டிருந்தோம்.

"பயந்து ஓடுறவங்களை மட்டும் கணக்குல எடுத்திருக்கீங்க. சந்தோஷமா ஓடுறவங்களை விட்டுட்டீங்களே" என்று கணிதத்துறைத் தலைவர் வாசலில் நின்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மாடலைத் திருத்த மூன்று மாதம் ஆகும். கட்டடத்தைத் திருத்த ஒரு பூட்டு போதும்.

மதிப்பீட்டுக் குழு வந்த அன்று காலையில் கிழக்குப் படிக்கட்டைப் பூட்டினேன். மணி அடித்த பிறகுதான் வருகைப்பதிவு எடுக்க வேண்டும் என்று முதல்வர் பெயரில் ஒரு சுற்றறிக்கை போனதே, அதை எழுதியவனும் நான்தான். மாடலில் 'ஈரமான படி' என்று போட்டிருந்தோம். நிஜத்தில் படி காய்ந்து கிடந்தது. அரை வாளி சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தேன்.

மணி அடித்தது. கணிதத்துறைத் தலைவர் தானாகவேதான் விழுந்தார். அதில் என் பங்கு சோப்பு மட்டும். ஆனால் ஏழு நிமிடம் ஆகியும் இரண்டாவது ஆள் விழக் காணோம். எல்லாரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து இறங்கினார்கள். அப்போது நூலகர் வந்தார். நூலகர் என் மனைவி. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளை இடறிவிட எனக்கு மனசு வரவில்லை. உரிமை உள்ள இடத்தில்தானே உதவி கேட்க முடியும்? காலை நீட்டினேன். மூன்றே படிதான்.

எட்டு நிமிடம் ஐம்பத்தாறு விநாடி. குழுவினர் கை தட்டினார்கள். துறை பிழைத்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன். பக்கத்தில் அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அன்று மாலை கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். "அத்தனை பேர் இறங்குனாங்களே, என் காலுதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

நான் அவளிடம் பொய் சொல்வதில்லை. "ரெண்டு பேர்னு வந்திருந்துச்சும்மா" என்றேன்.

மறுநாள் காலை ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேரே முதல்வர் அறைக்குப் போய்விட்டாள். அப்படித்தான் விஷயம் உங்கள் வரைக்கும் வந்தது.

என்னை மோசடிக்காரன் என்கிறார்கள். மாடல் உங்கள் மேசைமேலேயே இருக்கிறது. ஒரு எண்ணையாவது மாற்றியிருக்கிறேனா, பாருங்கள். விடை ஒத்துவரவில்லை என்றதும் கணக்கில் கைவைக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்த ஈனத்தனம் என்னிடம் கிடையாது.

இந்த விசாரணைக்கும் ஒரு மாடல் போட்டுப் பார்த்தேன். நாலு மணிக்குள் மூவரும் ஒருமனதாக என்னை மன்னித்துவிடுகிறீர்கள். இப்போது மூன்று நாற்பது. கதவை இழுத்துப் பார்க்க வேண்டாம் ஐயா, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. குரல் கொடுத்தாலும் பயனில்லை. மூன்றரைக்கே கடைசி மணி அடித்தாயிற்று. மணி அடித்தால் இந்தக் கட்டடம் நான்கே நிமிடத்தில் காலியாகிவிடும், அது ஒத்திகையில் நிரூபணமான உண்மை.

அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள். என் மாடல் இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை.