அடுப்பில்லாமப் பொங்குன தொட்டி

ரொம்பக் காலத்துக்கு முந்தி, பாய்மரக் கப்பல் ஓடுன காலம்னு வச்சுக்குங்க, பிரான்சு தேசத்துல ஒரு திராட்சைத் தோட்டம். தலைமுறை தலைமுறையா ஒரே குடும்பம் ஒயின் போடுற இடம். அந்த வீட்டுக்கு நம்ம காரைக்கால்லேர்ந்து ஒரு மருமக போனா. பேரு ஞானப்பூ. எங்க பாட்டனாருக்குப் பாட்டன் கூடப் பொறந்தவ. ழூல்னு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயைக் கட்டிக்கிட்டுப் போனவளாம்.

மாமியாக்காரி ஒர்த்தான்ஸ் வாசல்லயே சொல்லிட்டாளாம். "ஒயின் கொட்டகைக்குள்ள பொம்பள காலு படக்கூடாது. பட்டா ஒயின் புளிச்சுடும். நீ நுழைஞ்சே, அடுத்த கப்பல்ல உன்னை ஊருக்கு அனுப்பிடுவேன்."

சரின்னுதான் இருந்தா. ஆனா திராட்சை அறுத்துப் போட்டதும் கொட்டகைக்குள்ளேர்ந்து ஒரு சத்தம். தளதள, தளதளன்னு. சோத்துப் பானை கொதிக்கிற சத்தம். புகையைக் காணோம், விறகைக் காணோம். "அடுப்பே இல்லாம என்னத்தை வேக வைக்கிறாங்க?" இது தெரியாம நம்ம வீட்டுப் பொம்பளைக்குச் சோறு இறங்குமா? நானா இருந்தாலும் போயிருப்பேன்.

ஆளுங்க சாப்பிடப் போன நேரம் பாத்து நுழைஞ்சுட்டாளாம். ஆளுயரத் தொட்டி. எட்டிப் பாக்குறா. சாறு தானாவே நுரைச்சு, ஏறி ஏறி வந்து, விளிம்பு தாண்டிப் பொங்கி வழியுது! அங்க அது நஷ்டம். ஓடிப்போய் ஆளைக் கூப்பிடணும். நம்மாளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், பொங்குனா நல்லது. எங்க நிக்கிறோம்கிறதையே மறந்துட்டா. நாக்கைச் சுழட்டிப் போட்டாளாம் ஒரு குலவை!

வீடே அதிர்ந்து போச்சாம். மாமியா ஓடி வந்தா, பின்னாலயே ஆளுங்க. "கெடுத்தியேடி குடிய! வெளிய வா!"ன்னு கதவை விரியத் தொறந்தா. வெளிச்சம் உள்ள விழுந்துது. பாத்தா, தொட்டிக்குப் பின்னால, சாறு எறக்கிப் பிடிக்கிற பள்ளத்துல மாமனாரு பேச்சு மூச்சில்லாமக் கெடக்குறாரு. சாறு நுரைக்கிறப்ப ஒரு காத்து கெளம்புமாம். பள்ளத்துல தங்கி, எறங்குன ஆளை அமுக்கிடுமாம். அவரு எப்ப எறங்குனாருன்னு யாருக்கும் தெரியாது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எறங்கித் தூக்கியாந்து வெளிய போட்டாங்க. நீலம் பாரிச்ச மூஞ்சி. கடைசியில ஒரு இருமல் இருமுனாரு பாருங்க, எல்லாருக்கும் உசிரு வந்துது.

ஞானப்பூ அழுதுக்கிட்டே பெட்டி கட்டப் போனா. மாமியா கையைப் பிடிச்சுட்டா.

"எங்க போறே? அது என்ன சத்தம்? இன்னொரு தரம் போடு."

போட்டா. மாமியாளும் நாக்கைச் சுழட்டிப் பாத்தாளாம். எச்சில்தான் தெறிச்சுது. ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்களாம்.

அன்னையிலேர்ந்து யாரு பள்ளத்துல எறங்குனாலும் வாசல்ல ஒரு பொம்பள நின்னு குலவை போடணும், கீழேர்ந்து பதில் குரல் வரணும். மாமனாரு எறங்குனா மட்டும் மாமியாதான் போடுவாளாம். "என் புருஷன், நான்தான் கூப்பிடுவேன்"னு மருமகளைத் தள்ளிட்டு நிப்பாளாம்.

அந்தக் கொட்டகைக்கு இன்னிக்கும் 'கூலவே'ன்னுதான் பேரு. "அது எங்க ஊரு வார்த்தை"ன்னு அந்த ஊர்க்காரங்க சத்தியம் பண்ணுவாங்களாம். பண்ணட்டுமே. வாழப்போன மருமகளும் அந்த ஊர்க்காரிதானே?