வீட்டுல எத்தனை பேர்?

கையில இருக்கிற நோட்டீஸைக் கொஞ்சம் கீழ வைங்க... ஒரு சின்னக் கதை சொல்லிட்டு, அப்புறம் மின் சிக்கனத்துக்கு வர்றேன்.

எங்க பக்கத்து வீட்டுக்காரர் அருளப்பன். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் ஓடுற வண்டியில தலை எண்ணினவர். ஒரு ஆள் தப்பாது! அப்பேர்ப்பட்டவர் தப்பா எண்ணினார்... எங்க? சொந்த வீட்டுல!

அவரோட பழைய சின்ன ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு. கடைக்குப் போனார். அங்க வேலை பார்க்கிற பொண்ணு கேட்டுச்சு, "வீட்டுல எத்தனை பேர் சார்?" இவர் சட்டுனு, "நாலு பேரும்மா!"

ரெண்டு கதவு வச்ச பெருசு ஒண்ணைக் காட்டிச்சு. ஸ்டிக்கர்ல அஞ்சு நட்சத்திரம். உடனே வாங்கிட்டார். "அஞ்சு ஸ்டாராக்கும்! கரண்ட்டே இழுக்காது!"ன்னு தெருவெல்லாம் பெருமை.

ஒரு வருஷம் போச்சு. கரண்ட் செலவு குறைஞ்சுதா? இல்ல... ஏறிடுச்சு! மனுஷனுக்கு வந்ததே கோபம். "வாங்க தம்பி, நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேப்போம்"னு என்னையும் இழுத்துட்டுப் போனார்.

"என்னம்மா, ஸ்டாரை ஒட்டி ஏமாத்துறீங்களா?"

அந்தப் பொண்ணு பொறுமையாச் சொல்லிச்சு. "சார், நட்சத்திரத்தை எண்ணினீங்க. கீழ இருக்கிற நம்பரைப் படிச்சீங்களா? வருஷத்துக்கு இருநூத்து முப்பது யூனிட். அதோ அந்தச் சின்னது மூணு ஸ்டார்தான்... ஆனா நூத்து நாப்பது யூனிட். ஒரே ரகம், ஒரே அளவுல இருக்கிறதுக்குள்ளதான் சார் ஸ்டாரை ஒப்பிடணும். நாலு பேருன்னு சொன்னீங்க, அதான் பெருசைக் காட்டினேன்."

அருளப்பன் அந்தச் சின்ன ஃப்ரிட்ஜோட கதவைத் திறந்து பார்த்துட்டு, மெதுவா மூடினார்.

"நாலு பேர் இல்லம்மா. பையன் புனேல, பொண்ணு மஸ்கட்ல. வீட்டுக்காரி தவறி ரெண்டு வருஷமாச்சு. நான் ஒருத்தன்தான்... அன்னைக்கு அதைச் சொல்ல வாய் வரல. அவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள ஒரு பால் பாக்கெட்டுதாம்மா இருக்கு."

நான் தலையைக் குனிஞ்சு நின்னேன். ஏன் தெரியுமா? அந்தம்மா சாவுக்குப் போனவன், அதுக்கப்புறம் அவர் வாசப்படி ஏறல. நடுவுல ஒரே ஒரு சுவர்தாங்க!

அதனால சொல்றேன்... நட்சத்திரத்தை மட்டும் பார்த்து மயங்காதீங்க. கீழ இருக்கிற யூனிட்டைப் படிங்க. உங்க வீட்டுக்கு எது போதுமோ, அதை வாங்குங்க. ஃப்ரிட்ஜு எவ்வளவு இழுக்கும்னு சொல்ல ஸ்டிக்கர் இருக்கு... பக்கத்து வீட்டுல இருக்கிற மனுஷன் எப்படி இருக்கார்னு சொல்ல எந்த ஸ்டிக்கர் இருக்கு? நாமதான் போய்க் கதவைத் தட்டணும்!