வெல்டு வச்ச கதவு

மணி மூணே முக்கால்.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோடு. ரெண்டு பக்கமும் கரிசல்... மழை கண்டு ஆறு மாசமாகி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ரோட்டோரம் சீமைக்கருவேலம். விளக்கு கிடையாது. எதிரே ஒரு லாரி கிடையாது.

ஒரே ஒரு பிக்கப்பு வண்டி வருது. பின்னால் பால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்து... டங்... டங்... ஸ்டியரிங்கில் நவநீதகிருஷ்ணன். வண்டிக்குள்ளே வேறு யாரும் இல்லை. ஒரு சின்னப் பாலம். அடியில் தண்ணி ஓடி வருசக்கணக்காச்சு. வண்டி பாலத்தில் ஏறுது...

டக்.

இடது பக்கக் கதவு தானாகத் திறந்தது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, கண்ணுகளா. குளிருதா? இந்தப் போர்வையை ரெண்டு பேரா இழுத்துக்கிடுங்க. யாராவது எழுந்து வாசக்கதவைச் சாத்திட்டு வாங்க. தாழ்ப்பாள் போட வேண்டாம்... சும்மா சாத்தினாப் போதும்.

நம்ம தங்கலட்சுமியைத் தெரியுமில்லையா, அவளோட தங்கச்சி கனகலட்சுமி. எம்.ரெட்டியபட்டியில் வாக்கப்பட்டவ. அவ வீட்டுக்காரன்தான் இந்த நவநீதன். போன சித்திரையில் நடந்தது இது.

பருத்தி கைவிட்ட வருசம், இருந்த ரெண்டு மாட்டையும் விற்று அந்த வண்டியை வாங்கினான். வாங்கும்போதே அதுக்குப் பத்தொன்பது வயசு. எஞ்சின் மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். மிச்சதெல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, நாளுக்கு ஒரு குறை வைக்கும். கிளட்ச்சைச் சரி பண்ணினால் ரேடியேட்டர் ஒழுகும். ரேடியேட்டரை அடைத்தால் செல்ஃப் எடுக்காது. தெருவே சேர்ந்து தள்ளும். தள்ளினவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீக்கு ஒரு புது செல்ஃபே மாட்டியிருக்கலாம் என்பாள் கனகலட்சுமி. அவனுக்குச் சுருக்கென்று இருக்கும். மாட்டைக் கொடுத்து வாங்கினது. விற்கவும் மனசு வரலை, ஓட்டவும் முடியலை.

அந்த நேரத்தில்தான் பால் லோடு வந்தது. சுத்துப்பட்டு ஊர்களில் விடியுமுன்னே பாலை எடுத்து, ஐந்து மணிக்குள் அருப்புக்கோட்டையில் ஒரு கம்பெனியில் இறக்கணும். தினசரி வேலை. அது கிடைத்தால் வண்டியும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். சூப்பர்வைசர் உதயகுமார் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். டயர் பரவாயில்லை என்றான். இடது கதவைத் தொட்டான். கீழ்ப்பாதி முறுக்கு மாதிரி உதிர்ந்து அவன் செருப்பில் விழுந்தது. ஒன்னாம் தேதி கதவோடு வந்தால் லோடு, இல்லாவிட்டால் வேற வண்டி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

புதுக் கதவின் விலை நவநீதனுக்குக் கட்டுப்படியாகவில்லை. நேரே பந்தல்குடி ரோட்டுக்குப் போனான். அங்கே மன்சூர் அலி பாயின் காயலான் கடை. போன நேரம் நல்ல நேரம் என்றுதான் நினைத்தான். இவன் வண்டி மாடலிலேயே ஒன்று அடிபட்டு வந்து கிடந்தது. வலது பக்கம் அப்பளம். இடது கதவில் மட்டும் ஒரு கீறல் இல்லை; உள்ளே இடது சீட்டில் வாடின மல்லித்தழை ஒரு கட்டு கிடந்தது. நீலக் கலர்.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. அடிபட்டு வருகிற வண்டியை உடனே பிரிக்க மாட்டார். எல்லாக் கதவையும் திறந்து போட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுவார். விடிந்தபிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். அவருடைய அத்தா காலத்திலிருந்தே அப்படி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"இந்தக் கதவு இன்னும் திறக்கல தம்பி," என்றார் பாய். "லாக்கு இறுகிப்போச்சு. எண்ணெய் விட்டிருக்கேன். இன்னைக்கு ராத்திரி திறந்து கிடக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கங்க."

நாளைக்கு ஒன்னாம் தேதி. அதுவுமில்லாமல் கதவை ஏற்றிப்போக இவன் வாடகைக்குப் பிடித்து வந்த ஆட்டோ வாசலில் நிற்கிறது. நாளைக்கு என்றால் இன்னொரு வாடகை. நவநீதன் கெஞ்சினான். பிறகு கோபப்பட்டான். கதவு திறந்தா என்ன, திறக்காட்டி என்ன, கீலை வெட்டிக் கொடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிடுறேன் என்றான். பாய் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் வெட்டிக் கொடுத்தார். கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பேரம் பேசவில்லை.

காயலான் கடைக்காரர் பேரம் பேசலைன்னா... அங்கேயே நவநீதன் யோசிச்சிருக்கணும்.

திருச்சுழியில் மெக்கானிக் ரத்தினத்தின் பட்டறை. ரெண்டு பேரும் ஒன்னாப் படித்தவர்கள். கதவை மாட்டினதும், அதுவரைக்கும் இறுகிக் கிடந்த லாக்கு, ரத்தினம் கை வைக்கும் முன்னே 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. பாய் விட்ட எண்ணெய் இப்பத்தான் இறங்கியிருக்கு என்றான் ரத்தினம். வெள்ளை வண்டி, நீலக் கதவு.

"ஏலே, வெள்ள வேட்டியில ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு," என்று சிரித்தான். பெயின்ட் அடிக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. அப்படியே கிளப்பினான்.

அன்று ராத்திரிதான் நான் முதலில் சொன்னது. பாலம்... டக்... கதவு.

நவநீதன் வண்டியை நிறுத்தினான். கதவு அகலமாகத் திறந்து நின்றது, ஆடவில்லை. காற்றும் இல்லை. வெளியே இருட்டு. அப்போது ஒரு வாசனை வந்தது... பச்சை மல்லித்தழை. இப்பத்தான் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறினது மாதிரி. சித்திரை மாசத்தில் அந்தக் காட்டில் ஏது மல்லி? அவன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. மாட்டின அன்னைக்கே லாக்கு போச்சே என்றுதான் எரிச்சல். இறங்கிச் சுற்றிப்போய் ஓங்கிச் சாத்தினான்.

மறுநாள் ராத்திரி அதே பாலம். டக்.

அதுக்கு மறுநாளும்.

மேடு பள்ளத்தில் எல்லாம் திறக்காது. வேகத்தடையில் தூக்கிப் போட்டாலும் திறக்காது. அந்தப் பாலத்தில் மட்டும். நவநீதன் ரத்தினத்தின் உயிரை எடுத்தான். ரத்தினம் லாக்கை மாற்றினான். ஸ்பிரிங்கை மாற்றினான். கீலுக்குத் தகடு வைத்தான். பட்டறை வாசலில் நாற்பது தடவை சாத்திச் சாத்திக் காட்டினான். கல்லுப் போல நின்றது. ஒவ்வொரு தடவையும் செலவு. ராத்திரி பாலம் வந்ததும்... டக். பால் எடுக்கிற காசெல்லாம் ஒரு கதவுக்கே போகுது என்று கனகலட்சுமி முணுமுணுத்தாள். கதவைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு மாட்டையே வச்சிருக்கலாம் என்றாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

ஒருநாள் நைலான் கயிற்றை எடுத்து, உள் கைப்பிடியையும் சீட்டுக் காலையும் சேர்த்து ஏழு முடிச்சுப் போட்டான். பால் மாடு கட்டின கை, முடிச்சு லேசில் அவிழாது. பாலம் வந்தது. டக். கதவு திறந்தது. கயிறு அறுந்திருக்கும் என்று டார்ச்சை அடித்துப் பார்த்தான்.

அறுந்திருக்கவில்லை. முடிச்சு எல்லாம் அவிழ்ந்து... கயிறு இடது சீட்டில் அழகாக வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

அன்றைக்குத்தான் முதல்முதலாக அவன் இறங்கிச் சுற்றிப் போகாமல், உள்ளே இருந்தபடியே கதவை இழுத்துச் சாத்தினான். மறுநாள் பாலம் வருவதற்கு முன்னாலேயே ஓரக்கண்ணால் இடது பக்கம் பார்த்துக்கொண்டே ஓட்டினான். டக் என்றதும் பதறி பிரேக்கை மிதித்தான். பின்னால் கேன்கள் சாய்ந்தன. நாற்பது லிட்டர் பால் கரிசல் வெடிப்புக்குள் போனது. உதயகுமார் கத்தவில்லை. "இன்னொரு தடவை லேட்டானா வராதீங்கண்ணே," என்று மட்டும் சொன்னான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

நவநீதன் நேராகப் பட்டறைக்கு வந்தான். எனக்கு இடது கதவே வேண்டாம், வெல்டு வச்சிரு என்றான். ரத்தினம் தயங்கினான். கதவைக் கதவாத்தான் வச்சிருக்கணும்லே என்றான். நவநீதன் கேட்கவில்லை. மேலே, கீழே, நடுவிலே என்று சுற்றிலும் வெல்டு. பொறி பறந்து அடங்கியது. அது கதவு இல்லை இப்போ. சுவர்.

அன்று ராத்திரி. மணி மூணே முக்கால். பாலம்.

டக் இல்லை.

நவநீதனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாசத்தில் முதல் சிரிப்பு. அப்போது... இடது பக்க உள் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. மேலே வந்தது. திரும்பவும் கீழே... மேலே. அவசரமில்லாமல். வழக்கமாக இறங்குகிற இடத்தில் கதவு மக்கர் பண்ணினால் நாம் பண்ணுவோமே, அப்படி. அப்புறம் வேகமாக. கடகடகடவென்று. மல்லித்தழை வாசனை மூக்கை அடைத்தது.

அவன் நிறுத்தவில்லை. மிதித்தான். பாலம் பின்னால் போனது. கைப்பிடியும் நின்றது.

அன்றைக்குத்தான் அவன் எல்லாருக்கும் முந்திப் பால் இறக்கினான். உதயகுமார் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தான். ஐந்தரை மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வலது கதவு வழியாக இறங்கி, சோம்பல் முறித்தான். கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே இடது சீட்டு ஸ்பிரிங் 'கிரீச்' என்று எழும்பியது. பிறகு... டிரைவர் சீட்டு ஸ்பிரிங் அமுங்கியது. எழும்பியது.

சீட்டும் போச்சா, இதுக்கு வேற செலவா... என்று அலுத்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனான்.

அதுக்கப்புறம் வண்டியில் ஒரு தொந்தரவு இல்லை. வாசனை இல்லை, கைப்பிடி அசையவில்லை. செல்ஃப்கூட ஒரே சாவியில் எடுத்தது. மூணு நாள் கழித்து கனகலட்சுமி கேட்டாள், மல்லித்தழை வாங்கி எங்க வச்சீங்க, வீடு பூரா மணக்குது, கட்டைத்தான் காணோம் என்று. இவன் வாங்கவில்லை என்றான். அவள் நம்பவில்லை. மறுநாள் சித்திரைப் பொங்கலுக்கு அவள் பந்தல்குடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி நவநீதன் மட்டும். லோடுக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். ஐந்தரைக்குத் திரும்பி வந்தான். இன்னும் விடியவில்லை. பூட்டைத் திறந்து எடுத்தான். கதவைத் தள்ளினான்.

அசையவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்த வீட்டுக்கு வேற வாசல் கிடையாது, கண்ணுகளா. ஒரே வாசல்தான். ஒரு மாசமாக வண்டிக் கதவு திறந்து திறந்து உயிரை வாங்கினது. இப்போ வீட்டுக் கதவு திறக்க மாட்டேங்குது. கோபத்தில் ரெண்டு தட்டுத் தட்டினான். தட்டினபிறகுதான் உறைத்தது... யார் திறப்பாங்கன்னு தட்டுறோம்?

உள்ளே...

டக்.

கதவு ரெண்டு விரக்கடை திறந்தது. மல்லித்தழை வாசனை. உள்ளே இருட்டு. கதவு அதுக்கு மேல் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. அவன் வரட்டும் என்று அப்படியே நின்றது.

அவன் போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ரத்தினத்தை எழுப்பி, வெல்டை வெட்டச் சொன்னான். அடுத்த ராத்திரி அதே பாலத்தில் வண்டியை நிறுத்தி, நீலக் கதவை அகலத் திறந்து வைத்து, கைகட்டி நின்றான். மூணே முக்கால் ஆனது. நாலு ஆனது. ஒன்னுமில்லை. ஒரு வாசனைகூட இல்லை. பாலுக்கு நேரமாச்சு என்று ஓடினான்.

விடிந்ததும் கதவைக் கழட்டி மன்சூர் அலி பாய் முன்னால் கொண்டுபோய் வைத்தான். காசு வேண்டாம் பாய், திரும்ப எடுத்துக்கங்க என்றான். பாய் குனிந்து கதவில் கை வைத்துப் பார்த்தார். லாக்கை ஒரு தடவை திறந்து சாத்தினார்.

"இது வெறும் கதவுதான் தம்பி. தாராளமா நீங்களே மாட்டிக்கங்க," என்றார்.

இப்போ அவர்கள் அருப்புக்கோட்டையில் வாடகைக்கு இருக்கிறார்கள். பால் லோடு ஓடுது. வண்டி தங்கமாட்டம் ஓடுது. அந்த நீலக் கதவு இன்னும் அதில்தான் இருக்கு, ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்லை.

ரெட்டியபட்டி வீட்டை மட்டும் யாரும் பூட்டுறதில்லை. பூட்டினால், காலையில் பூட்டு திறந்து, வாசப்படியில் அழகாக நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். ராத்திரி பூரா ஒரு சத்தம் இருக்காதாம். மூணே முக்காலுக்கு, தெருமுனையில் பால் எடுக்க வருகிற அவன் வண்டிச் சத்தம் கேட்கும்போது மட்டும்...

டக்.

ரெண்டு விரக்கடை திறக்குமாம். வண்டி தாண்டிப் போகிற வரைக்கும் அப்படியே நிற்குமாம். அப்புறம் மெதுவாகச் சாத்திக்கிடுமாம்.