இருட்டிலும் ஓயாத செடி

— டை நேரா இருக்கா மாப்பிள்ளை?

— டை நேராத்தான் இருக்கு மாமா. நம்ம கண்டுபிடிப்புதான் கொஞ்சம்...

— கொஞ்சம்?

— சாய்ஞ்ச மாதிரி இருக்கு.

— அரங்கம் நிறைஞ்சு கிடக்கு. முன்வரிசையில பத்திரிகைக்காரங்க. துணைவேந்தர் வந்து உக்காந்தாச்சு. இப்பப் போய் சாயுதுங்கிறீங்க! கண்ணு வேற சிவந்திருக்கு. பேத்தி தூங்க விடறதில்லையா?

— வீட்ல விடறதில்ல மாமா. அதை விடுங்க. ஊர்ல உள்ள செடியெல்லாம் என்ன பண்ணுது? வெளிச்சத்துல இலைக்குள்ள ஒரு என்சைம் நைட்ரேட் உப்பைச் சத்தா மாத்திக் குடுக்குது, செடி வளருது. இருட்டினதும்...

— எனக்கே பாடமா?

— இருட்டினதும் அந்த என்சைம் மேல ஒரு பாஸ்பேட் பொட்டு விழுது. பொட்டைப் பாத்து ஒரு புரதம் ஓடி வந்து கவ்விப் பிடிச்சுக்குது. வேலை நிக்குது. விடிஞ்சா பொட்டு அழியுது, பிடி விடுது.

— மத்த செடிக்கு அப்படி. நம்ம செடிக்கு இருட்டுலயும் பிடி விழலை, வேலை ஓடிக்கிட்டே இருக்கு. அதானே கண்டுபிடிப்பு! அந்தச் செடிக்கு எங்க அப்பா பேரையே வச்சாச்சு.

— தாத்தா பேரை அவசரப்பட்டு வச்சுட்டோமோன்னு... நேத்து அதே செடியை ஒரு பெட்டிக்குள்ள வச்சு, கறுப்புத் துணி சுத்தி மறுபடி சோதிச்சுப் பாத்தேன்.

— யாரைக் கேட்டு?

— சும்மாதான்.

— ம்... என்னாச்சு?

— பிடி விழுந்திருச்சு. மத்த செடி மாதிரியே, சமர்த்தா.

— பெட்டிக்குள்ள மூச்சு முட்டியிருக்கும்.

— குழாய் வச்சுக் காத்து விட்டேனே.

— அப்ப துணியில ஏதாச்சும் சாயம்...

— மாமா, செடிங்களை வச்சுச் சோதிச்ச நம்ம இருட்டறையில யாராச்சும் விளக்கைப் போட்டிருந்தா?

— யாரு போடுவா? சாவியே ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட.

— இன்னொண்ணு என்கிட்ட.

— உங்களை நான் சந்தேகப்படலை மாப்பிள்ளை.

— ஐயையோ, நான் மட்டும் உங்களைச் சந்தேகப்படுவேனா மாமா!

— அப்புறமென்ன, விடுங்க. கட்டுரையில உங்க பேரும் ரெண்டாவதா இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க.

— அதான் பயமே. வேற ஆய்வகத்துல விதை கேட்டிருக்காங்க. அவங்க இருட்டு அசல் இருட்டா இருந்து தொலைச்சா, ரெண்டு பேர் மானமும் கப்பலேறிடும். "இன்னும் சோதிக்கிறோம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க மாமா.

— இறங்கறதா? எழுதி, மனப்பாடம் பண்ணி, கை அசைவு உட்பட தயார் பண்ணி வச்சிருக்கேன்!

— அந்தப் பேச்சுதான் வேண்டாங்கறேன். "இருளே, உன் ஆட்சி இன்றோடு முடிந்தது"ன்னு கையைத் தூக்கி, கைதட்டலுக்கு நிறுத்தி, ஒரு வாய் தண்ணி குடிச்சு... நாளைக்கு உண்மை தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?

— மாப்பிள்ளை...

— சொல்லுங்க மாமா.

— அந்த வரி உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க அத்தைகிட்டகூட நான் சொல்லிக் காட்டலையே.

— அது வந்து...

— நான் இருட்டறைக் கதவைச் சாத்திட்டு, தாளைப் படிக்கணுமேன்னு அதைப் போட்டுக்கிட்டுத்தானே பேசிப் பாத்தேன்...

— எதை மாமா?

— ...விளக்கைத்தான். செடிங்க வரிசையா, சத்தம் போடாம கேக்குதுங்க. சபை மாதிரி இருந்துச்சு. தினமும் கொஞ்ச நேரம்... ஆனா தனியாத்தானே இருந்தேன்!

— தனியா இல்ல மாமா. அறைக்குக் காவல் இருக்கச் சொல்லித்தானே எனக்குச் சாவி குடுத்தீங்க? வீட்ல உங்க பேத்தி தூங்க விடலைன்னு, அலமாரிக்குப் பின்னால படுத்துக் கிடந்தேன். தினமும் நீங்க விளக்கைப் போட்டீங்க... நானும் முழிச்சுக்கிட்டேன், செடியும் முழிச்சுக்கிச்சு.